'கிரேஸ் அனாட்டமி' 1872-லேயே தமிழில் வந்தது எப்படி? யார் இந்த டாக்டர் சாமுவேல் கிரீன்?

மருத்துவம் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த பெயர் 'கிரேஸ் அனாட்டமி'. மனித உடற்கூறு பற்றிய இந்த ஆங்கிலப் புத்தகம் லண்டனில் முதன்முதலாக வெளிவந்தது 1858-ல். சரியாக 14 ஆண்டுகளில், 1872-ல், அது தமிழில் அச்சாகிவிட்டது என்றால் நம்ப முடிகிறதா?

பெயர் 'மனுஷ அங்காதிபாதம்'. வெளியிட்டவர் ஓர் அமெரிக்க டாக்டர். இடம், யாழ்ப்பாணம் பக்கத்தில் மானிப்பாய்.

டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அந்த மனிதர் எதற்காக இந்த வேலையில் இறங்கினார்? அவரிடம் தமிழில் டாக்டருக்குப் படித்தவர்கள் எத்தனை பேர்? அந்த முயற்சி ஏன் நின்றுபோனது? நெல்லைக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு? விரிவாகப் பார்க்கலாம்.

இப்போது ஏன் இவரைப் பற்றிப் பேச வேண்டும்?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பகுதியில் இருக்கிறது திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி. 1965-ல் தொடங்கப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 1964-ல், அதே பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. ஒரே ஊர், இரண்டு மருத்துவக் கல்லூரிகள். ஒன்றின் மூல நூல்கள் தமிழில். இன்னொன்றின் பாடநூல்கள் ஆங்கிலத்தில்.

அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் என்று தாமிரபரணிக் கரை ஊர்களில் இருந்து வருகிற நோயாளிக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் முதலில் கிடைப்பது ஒரு சீட்டு. அதில் இருப்பது பெரும்பாலும் ஆங்கிலம். கிரியாட்டினின் கூடியிருக்கிறது, ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். அப்படின்னா என்ன என்று நோயாளி கேட்பது யாரிடம்? பக்கத்தில் நிற்கிற நர்ஸிடம், ஊசி போடுகிறவரிடம், மருந்து கொடுக்கிறவரிடம், வார்டைக் கூட்டுகிற அக்காவிடம்.

அவர்களுக்கு அந்த விஷயம் தெளிவாகப் புரிந்திருந்தால்தான் நோயாளிக்கும் புரியும். இல்லையென்றால் மாத்திரையை எப்போது சாப்பிடுவது, எதை நிறுத்தக் கூடாது, எந்த அறிகுறி வந்தால் உடனே ஓடி வர வேண்டும் என்பதெல்லாம் அரைகுறையாகத்தான் வீடு போய்ச் சேரும்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் மருத்துவத்தை எந்த மொழியில் புரிந்துகொள்கிறார்கள் என்ற இந்தக் கேள்வியைத்தான் 19-ம் நூற்றாண்டிலேயே கையில் எடுத்தார் கிரீன்.

அமெரிக்காவில் இருந்து மானிப்பாய்க்கு

கிரீன் பிறந்தது 1822 அக்டோபர் 10. ஊர், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள வூஸ்டர். வசதியான, பெரிய குடும்பம். அவருடைய அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் பின்னாளில் நியூயார்க் நகரத்தின் சென்ட்ரல் பார்க் உருவாகக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர். இன்றைய பெருநகர நியூயார்க்கின் தந்தை என்றே அவரைச் சொல்வார்கள்.

தம்பி தேர்ந்தெடுத்த வழி வேறு. 1845-ல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் வாங்கினார். 1847-ல் அமெரிக்க மிஷன் அமைப்பின் டாக்டராக இலங்கைக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு வயது 24. அறுவை சிகிச்சையில் ஈதரைப் பயன்படுத்தி மயக்கம் கொடுக்கலாம் என்று பாஸ்டனில் செய்து காட்டி ஓராண்டுகூட ஆகவில்லை. அந்தக் காலம் அது.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷனுக்கு அதற்கு முன்பே ஒரு மருத்துவ வரலாறு இருந்தது. 1820-ல் பண்டத்தரிப்பில் வேலையைத் தொடங்கியவர் டாக்டர் ஜான் ஸ்கடர். வேலூர் சிஎம்சியை உருவாக்கிய ஐடா ஸ்கடரின் தாத்தா இவர்தான். ஸ்கடர் பிறகு சென்னைப் பக்கம் வந்துவிட்டார்.

முதலில் வட்டுக்கோட்டையில் தங்கிய கிரீன், 1848-ல் மானிப்பாய்க்குப் போனார். அங்கே ஒரு மருந்தகம். கூடவே, மூன்று மாணவர்களுடன் ஒரு சின்ன மருத்துவ வகுப்பு. இலங்கையில் மேற்கத்திய மருத்துவம் சொல்லிக்கொடுத்த முதல் பள்ளி என்று வரலாற்றில் பேசப்படுவது அந்த வகுப்புதான். கொழும்பு மருத்துவப் பள்ளி தொடங்கியது 1870-ல். அதாவது, மானிப்பாய்க்கு 22 ஆண்டுகள் கழித்து.

தலைநகர் கொழும்பு அல்ல, ஒரு பனங்காட்டுக் கிராமம் முந்திக்கொண்டது.

ஒரு டாக்டர் போதாது

கிரீன் மானிப்பாயில் பார்த்த நிலைமை இதுதான். நோயாளிகள் ஏராளம், டாக்டர் ஒருவர். காலரா அடிக்கடி வந்து ஊர்களைக் காலி செய்துகொண்டிருந்தது. காலரா தண்ணீர் வழியாகப் பரவுகிறது என்று லண்டனில் ஜான் ஸ்னோ தெளிவாகக் காட்டியதே 1854-ல்தான். அதற்குக் காரணமான கிருமியை ராபர்ட் கோக் அடையாளம் கண்டது 1880-களில். மருந்தைவிட, கிணற்றுத் தண்ணீரும் கைச்சுத்தமும் எவ்வளவு முக்கியம் என்பது அன்று டாக்டர்களுக்கே முழுதாகத் தெரியாத விஷயம்.

இப்படிப்பட்ட இடத்தில் ஒரு வெளிநாட்டு டாக்டர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? எத்தனை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளக்க முடியும்?

அதனால் கிரீன் எடுத்த முடிவு, உள்ளூர் ஆட்களையே டாக்டர்களாக ஆக்குவது. மாணவர்கள் காலையும் மாலையும் வெறும் பாடம் மட்டும் படிக்கவில்லை. மருந்து கலக்கினார்கள், புண்ணுக்குக் கட்டுப்போட்டார்கள், அறுவை சிகிச்சையின்போது கூட நின்றார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் அவர்கள் ஒரே நேரத்தில் மருத்துவ மாணவர்கள், கம்பவுண்டர்கள், நர்ஸுகள், வார்டு உதவியாளர்கள். ஆஸ்பத்திரி ஊழியர்தான் மாணவர், மாணவர்தான் ஆஸ்பத்திரி ஊழியர்.

1850-ல் யாழ்ப்பாணத்தில் ஏழை நோயாளிகளுக்காக ஒரு பொது மருத்துவமனை உருவானது. கிரீனிடம் படித்தவர்கள் அங்கேயும் வேலை செய்தார்கள். இன்றைய யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனையின் தொடக்கம் அதுதான்.

ஆங்கிலத்தில் படித்தவர்கள் எங்கே போனார்கள்?

தொடக்கத்தில் கிரீன் பாடம் நடத்தியது ஆங்கிலத்தில்தான். வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலத்தில் நன்றாகப் படித்து வந்த மாணவர்கள் கிடைத்ததால் அது சிரமமாகவும் இல்லை.

ஆனால் சில ஆண்டுகளில் ஒரு சிக்கல் தெரிய ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் மருத்துவம் படித்தவருக்கு அரசாங்கத்தில் நல்ல சம்பளத்தில் வேலை காத்திருந்தது. வெளியூர்களிலும் வாய்ப்பு இருந்தது. படித்து முடித்ததும் கிளம்பிவிட்டார்கள். யாருக்காகப் பள்ளி தொடங்கப்பட்டதோ அந்தக் கிராமத்துக்கு டாக்டர் கிடைக்கவில்லை.

இன்றும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பற்றிப் பேசும்போது இதே பிரச்சினை வருகிறதா, இல்லையா? அன்றைக்கும் அப்படித்தான்.

இன்னொரு விஷயமும் கிரீனை உறுத்தியது. ஆங்கிலத்தில் கற்றுக்கொண்ட ஒன்றை நோயாளியிடம் தமிழில் சொல்ல வேண்டி வரும்போது மாணவருக்கே வார்த்தை கிடைக்காது. பாடம் ஒரு மொழியில், படுக்கை ஓரத்தில் பேச்சு இன்னொரு மொழியில். நடுவில் நிறைய சிந்திப்போனது.

1857-ல் உடல்நலக் குறைவால் அமெரிக்கா திரும்பிய கிரீன், ஐந்து ஆண்டுகள் கழித்து 1862-ல் மார்கரெட் வில்லியம்ஸைத் திருமணம் செய்துகொண்டு மறுபடியும் மானிப்பாய்க்கு வந்தார். இந்த முறை முடிவு உறுதியாக இருந்தது. மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுப்பது. 1864-ல் தமிழ்வழி வகுப்பு தொடங்கியது.

படித்து முடித்தவர்கள் மிஷனின் சம்பளத்தை நம்பி இருக்காமல், ஊர் ஊராகப் போய்த் தங்கி, சொந்தமாக வைத்தியம் பார்த்துப் பிழைக்க வேண்டும் என்பதும் அவருடைய திட்டம். கிறிஸ்தவராக மாறினாலும் தமிழர் தமிழராகவே இருக்க வேண்டும், உடையிலும் பழக்கத்திலும் ஐரோப்பியரைக் காப்பியடிக்கத் தேவையில்லை என்பது அவர் எண்ணம். தொப்பி, கால்சட்டையில் வரும் டாக்டரைவிட வேட்டி கட்டிய டாக்டரிடம்தான் கிராமத்து ஆள் மனம் திறந்து பேசுவார் என்பது அவருக்குப் புரிந்திருந்தது.

புத்தகமே இல்லாத மொழியில் பாடம் எப்படி?

முடிவெடுப்பது சுலபம். பாடப் புத்தகம் வேண்டுமே?

நம் நெல்லைச் சீமையில் அதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. பாளையங்கோட்டையில் 1820 முதல் 1838 வரை வாழ்ந்த ரேனியஸ் ஐயர், 'பூமி சாஸ்திரம்' என்ற புவியியல் நூலைத் தமிழில் எழுதி 1832-ல் வெளியிட்டிருந்தார். ஐரோப்பிய அறிவியலைத் தமிழ் உரைநடையில் சொல்ல முடியும் என்று காட்டிய தொடக்ககால நூல்களில் அதுவும் ஒன்று. கிரீன் வேலை செய்த அதே ஆண்டுகளில்தான் இடையன்குடியில் கால்டுவெல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிக்கொண்டிருந்தார். அது 1856-ல் வெளிவந்தது.

ஆனால் மருத்துவம் இன்னும் கடினமான துறை. நரம்பு, நாளம், தசை, சவ்வு, எலும்பில் உள்ள ஒவ்வொரு முனை, ஒவ்வொரு பள்ளம் என எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டும். ஒன்றுக்கு இரண்டு பெயர் வந்தால் குழப்பம். அறுவை சிகிச்சையில் குழப்பம் வந்தால் உயிர் போகும்.

கிரீனும் மாணவர்களும் இதற்கு ஒரு வரிசை வைத்துக்கொண்டார்கள்.

முதலில் தமிழில் ஏற்கெனவே வார்த்தை இருக்கிறதா என்று பார்ப்பது. இல்லையென்றால் வடமொழியில் தேடுவது. அங்கேயும் பொருத்தமாக இல்லையென்றால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு ஏற்ப மாற்றி எழுதிக்கொள்வது.

இந்த வரிசை எப்படி வேலை செய்தது என்பதை அவர்கள் வெளியிட்ட புத்தகங்களின் பெயர்களிலேயே பார்க்கலாம்.

• பிரசவ வைத்தியம் (1857): மகப்பேறு மருத்துவம்
• இரண வைத்தியம் (1867): அறுவை மருத்துவம்
• மனுஷ அங்காதிபாதம் (1872): கிரேயின் உடற்கூறு நூல்
• வைத்தியாகரம் (1872): பொது மருத்துவம்
• கெமிஸ்தம் (1875): வேதியியல்
• மனுஷ சுகரணம் (1883): உடலியங்கியல்

பிரசவம், இரணம், வைத்தியம் எல்லாம் வீட்டில் புழங்குகிற வார்த்தைகள். அங்காதிபாதமும் சுகரணமும் வடமொழி வழி வந்தவை. கெமிஸ்தம்? அது கெமிஸ்ட்ரிக்குப் போட்ட தமிழ் வேஷம்.

இவை தவிர, கலைச்சொல் பட்டியல்களையும் அவர்கள் தனியாக வெளியிட்டார்கள். மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேல். எல்லாவற்றையும் கிரீன் ஒருவரே செய்துவிடவில்லை. டான்ஃபோர்த், சாப்மன் போன்ற அவருடைய மாணவர்கள் இதில் பங்கெடுத்தார்கள். பெயரைப் பார்த்து அமெரிக்கர்கள் என்று நினைக்க வேண்டாம், இவர்கள் யாழ்ப்பாணத் தமிழர்கள். மிஷன் பள்ளிகளில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, படிப்புக்குப் பணம் கொடுத்த அமெரிக்கர்களின் பெயரை வைப்பது அன்றைய வழக்கம். தமிழில் மருத்துவத்தைக் கொண்டுவந்தவர்களின் சொந்தத் தமிழ்ப் பெயர்கள் பின்னால் மறைந்துபோனது இந்தக் கதையில் ஒரு முரண்.

பொதுமக்களுக்கும் பாடம்

மருத்துவம் என்பது டாக்டருக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று கிரீன் நினைக்கவில்லை. 1841 முதல் யாழ்ப்பாணத்தில் வெளிவந்துகொண்டிருந்த 'உதயதாரகை' பத்திரிகையில் உடல்நலம் பற்றி எளிய தமிழில் எழுதினார். படித்த டாக்டர், அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர், வீட்டில் இருக்கும் தாய் ஆகிய மூன்று பேருக்கும் ஒரே வார்த்தைகள் தெரிந்திருந்தால்தான் நோய் கட்டுக்குள் வரும். அவருடைய மொத்த வேலையையும் சேர்த்துப் பார்த்தால் இந்தக் கணக்குதான் தெரிகிறது.

மொத்தமாக எத்தனை பேர் அவரிடம் படித்தார்கள்? அறுபதுக்கும் மேல். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தமிழிலேயே படித்தவர்கள்.

பிறகு என்ன ஆனது?

1873-ல் கிரீன் உடல்நலம் குன்றி அமெரிக்கா திரும்பினார். அதன்பிறகு அவர் தமிழ் மண்ணைப் பார்க்கவே இல்லை. ஆனால் வேலை நிற்கவில்லை. வூஸ்டர் வீட்டில் உட்கார்ந்தபடியே தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்தினார். கெமிஸ்தமும் மனுஷ சுகரணமும் அவர் ஊர் திரும்பிய பிறகு வெளிவந்தவை. கடல் கடந்து தாள்கள் போய் வருவதற்கே மாதக்கணக்கில் ஆன காலம் அது.

1884 மே 28-ல் அவர் இறந்தார். வயது 61. தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற குறிப்பு மட்டும் கல்லறையில் இருந்தால் போதும் என்பது அவர் விருப்பம். அப்படியே பொறித்தார்கள். தமிழ் தெரியாத ஓர் ஊரின் கல்லறைத் தோட்டத்தில் தமிழரின் பெயர் தாங்கிய அந்தக் கல் இருக்கிறது.

மானிப்பாயில் தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நீடிக்கவில்லை. காரணம் தமிழின் போதாமை என்று சொல்லிவிட முடியாது. புத்தகம் இருந்தது, சொல் இருந்தது, படித்துத் தேறிய டாக்டர்களும் இருந்தார்கள். இல்லாமல் போனது ஆதரவு. 1870-ல் தொடங்கிய கொழும்பு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் நடந்தது. அரசாங்க வேலைக்கு அந்தச் சான்றிதழ்தான் செல்லும். அப்புறம் யார் தமிழில் படிக்க வருவார்கள்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கிரீனின் தமிழ் இன்று படிப்பதற்குக் கடினம். வடமொழிச் சொற்கள் அதிகம். சுகரணம் என்றால் இன்று மருத்துவம் படிக்கிற தமிழ்ப் பிள்ளைக்கே புரியாது. சொற்கள் பழகப் பழகத்தான் எளிதாகும். வகுப்பு நின்றுபோனதால் அந்தச் சொற்களுக்குப் பழகுவதற்கான வாய்ப்பே கிடைக்கவில்லை.

நெல்லையில் தொடர்ந்த வேலை

கிரீன் இறந்து அரை நூற்றாண்டு கழித்து, கலைச்சொல் வேலையைக் கையில் எடுத்த ஊர்களில் ஒன்று திருநெல்வேலி. 1934-ல் இங்கே உருவான சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், அறிவியல் பாடங்களுக்குத் தமிழ்ச் சொற்கள் தொகுக்கும் பணியில் இறங்கியது. அதன் பின்னால் இருந்து உழைத்தவர் இ.மு.சுப்பிரமணிய பிள்ளை. 1936-ல் சென்னையில் நடந்த சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் விபுலானந்த அடிகள், அவரும் ஈழத்துக்காரர். 1938-ல் 'கலைச்சொற்கள்' என்ற நூல் வெளிவந்தது. வடமொழியைக் குறைத்து, நல்ல தமிழில் சொல் தேடிய வேலை அது.

அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு பாடநூல் கழகமும் மருத்துவப் பாடநூல்கள் சிலவற்றைத் தமிழில் கொண்டுவந்திருக்கிறது. முழு மருத்துவப் படிப்பும் தமிழில் வருமா, வர வேண்டுமா என்ற விவாதம் ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஓர் இடம் உண்டு. அது வார்டு. சுகர் மாத்திரையை ஏன் நிறுத்தக் கூடாது, ரத்த அழுத்தம் என்றால் உள்ளே என்ன நடக்கிறது, ஒரு நோயாளியைத் தொட்டபின் இன்னொருவரைத் தொடுமுன் ஏன் கை கழுவ வேண்டும் என்பதை நர்ஸ் முதல் துப்புரவுப் பணியாளர் வரை எல்லோரும் தங்கள் மொழியில் தெளிவாகத் தெரிந்துகொள்ள முடிந்தால், கிரீனின் வேலையில் பாதி முடிந்த மாதிரிதான்.

இன்றும் இருப்பது என்ன?

மானிப்பாயில் கிரீன் ஞாபகார்த்த மருத்துவமனை அவர் பெயரில் இருக்கிறது. வூஸ்டரில் அவர் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்த நிலம் இப்போது கிரீன் ஹில் என்ற பொதுப் பூங்கா.

இன்னொரு தகவல். யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு. மானிப்பாயில் இருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருப்பது அங்கேதான். அந்தப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978-ல் தொடங்கியது. பாடம் நடப்பது, நம் ஹைகிரவுண்டில் இருக்கிற மருத்துவக் கல்லூரியைப் போலவே, ஆங்கிலத்தில்.